கப்பலுக்கு எது கிழக்கு

விதி இப்படிச் சொல்கிறது: “பிரித்து அனுப்பப்படும் கலத்தின் ஒவ்வொரு தகட்டிலும், அது இடப்பக்கத்தைச் சேர்ந்ததா வலப்பக்கத்தைச் சேர்ந்ததா என்பதைப் பிரிப்பதற்கு முன்பே உளியால் குத்திப் பொறிக்க வேண்டும். கலத்தின் நடுவில் நின்று முன்நுனியைப் பார்ப்பவனுடைய இடமே இடம், அவனுடைய வலமே வலம். வர்ணத்தால் எழுதுவது பொறிப்பதாகாது.”

புத்தகத்தைப் பார்க்காமல் எழுதினேன். சந்தேகமிருந்தால் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். கட்டுமானப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அனுபவம் சொல்லும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்றவர்கள் இந்த மாதிரி இடங்களில் தங்கள் வெற்றியைச் சொல்வது வழக்கம். நான் இன்னொருவருடைய வெற்றியைச் சொல்லப்போகிறேன். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது என்பதால், விவரங்களில் மறதி இருக்காது என்று நம்பலாம்.

யுத்த காலம். துறைமுகப் பட்டறைகளில் பழுதான கப்பல்கள் வரிசையில் நின்றன. கடலோரத்தில் குண்டு விழும் என்ற பயம் வேறு. ஆகவே சரக்குக் கப்பல் கட்டும் வேலையை உள்நாட்டுப் பட்டறைகளுக்கும் கொடுத்தார்கள். அப்படித்தான் பெங்களூரில், கடலிலிருந்து மூவாயிரம் அடி உயரத்தில், கண்டோன்மென்ட்டைத் தாண்டி ரயில் பாதையை ஒட்டிய ஒரு திடலில், ராகி வயல்களுக்கு நடுவே நாங்கள் கடலில் ஓடும் எஃகுக் கப்பல் கட்டினோம்.

முறை எளிது. தையற்காரர் சட்டைக்கு முதலில் ஓட்டுத்தையல் போட்டு, அளவு பார்த்து, பிரித்து, பிறகு இறுக்கித் தைப்பதில்லையா, அது மாதிரி. முழுக் கப்பலையும் திடலில் போல்ட்டுகளால் மாட்டி நிறுத்துவோம். எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்தபின் ஒவ்வொரு தகட்டுக்கும் குறி போட்டு, கழற்றி, வேகனில் ஏற்றிக் கிழக்குக் கடற்கரைக்கு அனுப்புவோம். அங்கே குறி பார்த்து மறுபடி அடுக்கி, ரிவிட்டு ஆணி அடித்து, தண்ணீரில் இறக்குவார்கள். குறி தப்பினால் எல்லாம் தப்பும். குறிகளுக்குப் பொறுப்பான உதவியாளர்கள் இரண்டு பேர். ஒருவன் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டோன்மென்ட் மாதா கோவிலில் பூசை முடிந்து குடும்பங்கள் ஜட்கா வண்டியில் வந்து கப்பலைப் பார்த்துவிட்டுப் போகும். இதைக் கடலுக்குக் கொண்டுபோகக் கால்வாய் வெட்டுவீர்களா என்று ஒரு அம்மாள் என்னிடம் கேட்டார். பிரித்து அனுப்பும் முறையை நான் அவருக்கு முழுவதும் விளக்கினேன். பாதியிலேயே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டார். நகர்ந்து சவரிமுத்துவிடம் போய் அதையே கேட்டார். அவர் என்ன சொன்னாரோ தெரியாது, அந்தக் குடும்பம் முழுவதும் சிரித்தது.

சவரிமுத்துதான் இன்னொரு உதவியாளர். நான் சேர்ந்த அதே வாரம் சேர்ந்தவர். அதே பதவி, எதிர் மேசை. நான் கணிதத்தில் பட்டம் பெற்றவன். அவர் கோவில் பள்ளியில் படித்து, மாலை வகுப்பில் வரைபடம் கற்றவர். ரிவிட்டு அடிக்கும் ஸ்ரீராம்புரத்து ஆட்களோடு அவர்கள் தமிழிலும், பிட்டர்களோடு கன்னடத்திலும், கிரேன் இழுக்கிறவர்களோடு தக்கணி உருதுவிலும் பேசுவார். மூன்றிலும் வசைச் சொற்கள் தெரியும். மூன்றிலும் கோபம் வராதபடி வைவார். அவர் அறைக்குள் நுழைந்தால் நாற்காலிகள் திரும்பும் சத்தம் கேட்கும். நான் நுழைந்தால் பேனாக்கள் ஓடும் சத்தம் கேட்கும். விதி எது என்று அவருக்குத் தெரியாது. என்னைத்தான் கேட்பார். “வாத்யாரே, இதுக்கு ரூல் இன்னா சொல்லுது?” என்பார். நான் சொல்வேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு வேறு ஏதாவது செய்வார். அது பலித்துவிடும்.

இருவரில் ஒருவரைக் கப்பலோடு கடற்கரைக்கு அனுப்புவதாகச் சூப்பரின்டெண்ட் சொல்லியிருந்தார். அடுக்கும் வேலை முழுவதையும் மேற்பார்த்து, கப்பல் தண்ணீரில் இறங்கும் வரை அங்கேயே இருக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் பதவி உயர்வைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு அதில் ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் விரும்பியது வேறு. பிறந்தது ஆனேக்கல், படித்தது பெங்களூர். கப்பலின் எடை, அது முங்கும் ஆழம், அலையில் அது வளையும் கணக்கு எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. கடலை மட்டும் நான் பார்த்ததில்லை. என் கணக்கு மிதப்பதை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றிருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சவரிமுத்து விட்டுக்கொடுத்திருப்பார். அவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை.

திடலில் கப்பலின் முகம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. நான் தேடினேன். ஆகவே முனுசாமி மேஸ்திரி தாமாகவே கிழக்கு என்று தீர்மானித்து, தேங்காய் உடைத்து, முதல் சட்டத்தை நட்டுவிட்டார். நல்ல காரியம் கிழக்கு பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதனால் எந்தக் கெடுதியும் இல்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

தொல்லை இடம் வலத்தில் ஆரம்பித்தது. தகட்டில் வேலை செய்கிறவன் கப்பலின் முன்நுனியைப் பார்த்து நிற்பதில்லை. தகட்டைப் பார்த்து நிற்கிறான். உள்ளே நின்றால் ஒரு இடப்பக்கம், வெளியே நின்றால் இன்னொரு இடப்பக்கம். வலப்பக்கத் தகடு ஒன்றும் இடப்பக்கத் தகடு ஒன்றும் வேண்டிய இடத்தில் இரண்டும் ஒரே பக்கத்துக்கு வந்து நின்றன. எஃகு கிடைக்காத காலம். வீணான தகட்டைச் சுற்றி நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நான் ஆட்களைக் கூட்டி, இரண்டு கைகளையும் நீட்டி, முன்நுனியைப் பார்த்து நின்று பாடம் நடத்தினேன். எல்லோரும் எனக்கு எதிரே நின்று கேட்டார்கள். எதிரே நின்றால் என் இடம் அவர்களுக்கு வலம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. இன்னொரு தகடும் போயிற்று.

சவரிமுத்து பாடம் எடுக்கவில்லை. உங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது இந்தப் பக்கத்தை என்னவென்று சொல்கிறீர்கள் என்று மேஸ்திரியைக் கேட்டார். மேஸ்திரி, “வடக்குப் பக்கம்னுவோம். அந்தாண்ட தெற்கு. வேற இன்னா சொல்றது?” என்றார். அன்று மத்தியானமே வெள்ளை வர்ணத்தில் இடப்பக்கத் தகடுகளில் வடக்குக்கு ‘வ’, வலப்பக்கத் தகடுகளில் தெற்குக்கு ‘தெ’ என்று எழுதச் சொல்லிவிட்டார். எப்படித் திரும்பி நின்றாலும் வடக்கு வடக்குதான். அதற்குப் பிறகு ஒரு தகடுகூட மாறிப்போகவில்லை.

நான் விதியைக் காட்டினேன். இடம் வலம் என்று இருக்க வேண்டும், குத்தியிருக்க வேண்டும், வர்ணம் கூடாது. ஒரே குறியில் மூன்று மீறல். சூப்பரின்டெண்ட் பொறுமையாகக் கேட்டார். அதிகம் பேசாதவர். துறைமுகங்களில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். “ரூல் சரிதான். ஆனா தப்பு நின்னுடுச்சே” என்றார். எதிரே சவரிமுத்து தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெருமையாகச் சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அன்றே கடற்கரையிலிருந்த கப்பல் சோதனை அலுவலகத்துக்கு ஒரு கேள்வி எழுதினேன்: இடம், வலம் என்பதற்குப் பதிலாகத் திசைகளைக் குறியாகப் போடுவது அனுமதிக்கத்தக்கதா? அது போனது ஆடிப்பெருக்கு அன்று. பதிலுக்குக் காத்திருக்க ஆரம்பித்தேன். காத்திருந்த நாளெல்லாம் அந்த ‘வ’வையும் ‘தெ’வையும் சுற்றிச் சுற்றி வந்தேன். எங்காவது ஓட்டை இருந்தே ஆக வேண்டும்.

கப்பலைப் பிரித்து ஏற்றும் நாள் வந்தது. வேகன்கள் சொன்னதற்கு முன்பே வந்து நின்றுவிட்டன. ராணுவத்துக்கு வேண்டிய வேகன்கள். மறுநாள் காலை கிளம்பாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடும். மறுபடி எப்போது கிடைக்கும் என்று ரயில்வேக்காரர்களுக்கே தெரியாது. பாதித் தகடுகள் ஏறியாயிற்று. முன்நுனிச் சட்டத்தைக் கழற்றுவதற்கு முன் மேஸ்திரி பூசணிக்காய் உடைத்தார். குங்குமக் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

“சார், அங்க தண்ணில எறங்கறப்பவும் மூஞ்சி கிழக்கதானே இருக்கும்?”

இல்லை என்று விளக்கினேன். கப்பல் பின்பக்கமாகத்தான் கடலில் இறங்கும். அந்தக் கரையில் கடல் கிழக்கே இருக்கிறது. ஆகவே முகம் கரையைப் பார்த்திருக்கும், அதாவது மேற்கே.

“மேற்க பாத்தா?” மேஸ்திரியின் முகம் விழுந்துவிட்டது. “அப்போ நாம ஒடச்ச தேங்கா எல்லாம்?”

தேங்காயைப் பற்றி எந்த விதியும் இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். முகம் மேற்கே என்றால் கப்பலின் இடப்பக்கம் தெற்கே இருக்கும். எங்கள் இடப்பக்கத் தகடுகள் அத்தனையிலும் ‘வ’ என்று எழுதியிருக்கிறது. அங்கே இருக்கிறவன் ‘வ’வை வடக்கே கொண்டுபோய் வைப்பான். வடக்கே இருப்பது வலப்பக்கம். நடுப்பகுதித் தகடுகள் உள்வெளி மாறிப் பொருந்தினாலும் பொருந்தும். முன்னும் பின்னும் வளைகிற தகடுகள் ஒன்றுகூடப் பொருந்தாது. எங்கள் வடக்கு இந்தத் திடலுக்குச் சொந்தம். கப்பலுக்குச் சொந்தமில்லை.

ஓட்டை கிடைத்துவிட்டது. பயப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் முதலில் வந்தது சந்தோஷம். யார் கடற்கரைக்குப் போவது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. சூப்பரின்டெண்ட் அறைக்கு நடக்கும்போதே அலை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டு போனேன்.

சூப்பரின்டெண்ட் எழுந்து நின்று கேட்டார். சவரிமுத்துவைக் கூப்பிட்டனுப்பினார். நான் இரண்டாம் முறையும் சொன்னேன், இன்னும் தெளிவாக. சவரிமுத்து மறுக்கவில்லை. “தப்பு என்னோடது சார்,” என்றார். அவ்வளவுதான். அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நானாக இருந்தால் சூழ்நிலையை விளக்கியிருப்பேன்.

“என்ன செய்யலாம்?” என்று சூப்பரின்டெண்ட் என்னைத்தான் முதலில் கேட்டார்.

எல்லாவற்றையும் இறக்கி, விதிப்படி இடம் வலம் குத்தி, மறுபடி ஏற்ற வேண்டும் என்றேன். வேகன் போய்விடும் என்றார். அப்படியானால் ஒரு திருத்த அறிக்கை தயார் செய்கிறேன் என்றேன். ‘வ’ என்று இருப்பதைத் தெற்கு என்றும், ‘தெ’ என்று இருப்பதை வடக்கு என்றும் படித்துக்கொள்ளவும். தட்டச்சு செய்து ஒவ்வொரு வேகனிலும் ஒட்டலாம், அங்கே உள்ள ஒவ்வொரு மேஸ்திரியிடமும் ஒரு பிரதி கொடுக்கலாம். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. உங்களில் பலருக்கும் இப்போது அப்படித்தான் படும்.

சவரிமுத்து கடற்கரைப் பட்டறையின் வரைபடத்தை முழங்காலில் விரித்து வைத்திருந்தார். அதைத் தலைகீழாகத் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அறிக்கை வேணாம் சார். படிச்சவன் மாத்துவான், மறந்தவன் மாத்த மாட்டான். ரொம்ப ஞாபகமா இருக்கறவன் ரெண்டு தபா மாத்துவான். தகட்ட மாத்த வேணாம், திசைய மாத்திக்கலாம். போன ஒடனே கப்பல் மூக்குக்கு எதிர்க்க ‘கிழக்கு’ன்னு பெருசா ஒரு பலகை நட்டுடறேன். கடல் பக்கம் ‘மேற்கு’. அந்தக் களத்துக்குள்ள கால வெச்சா அதான் கிழக்கு, அதான் மேற்கு.”

“சூரியன்?” என்றேன்.

“சூரியனுக்கு நம்ம கம்பெனில வேலை இல்லியே வாத்யாரே.”

சூப்பரின்டெண்ட் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக வேகன்களைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கண்டுபிடிச்சது நீங்க. போக வேண்டியதும் நீங்கதான். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அங்க இருக்கற அத்தனை பேரையும் சூரியன் மேற்கே உதிக்குதுன்னு சொல்ல வைக்க உங்களால முடியுமா?”

முடியும் என்று சொன்னால் போதும், கடல் என்னுடையது. மனக்கண்ணில் நான் அந்தப் பலகையை நட்டுப் பார்த்தேன். பெரிய எழுத்தில் ‘கிழக்கு’. நன்றாகத்தான் இருந்தது. பிறகு என் கையே வர்ணத் தூரிகையை எடுத்து அதற்குக் கீழே சிறிய எழுத்தில் எழுதியது: ‘உண்மையில் இது மேற்கு.’ நான் போனால் அதை எழுதாமல் இருக்கமாட்டேன். அந்தக் குறிப்பைப் படித்த முதல் ஆள் தகட்டை மாற்றி வைப்பான்.

“முடியாது, சார்” என்றேன்.

“சரி,” என்றார். உத்தரவில் சவரிமுத்துவின் பெயரை எழுதினார். சவரிமுத்து என்னைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்தார். நான் மை உலர்த்தும் தாளை நகர்த்தி வைத்தேன்.

மறுநாள் காலை வேகன்கள் கிளம்பியபோது ஆட்கள் வண்டியோடு கொஞ்சதூரம் நடந்தார்கள். மரியாதை கப்பலுக்கா அவருக்கா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் பூமாலை போட்டார்கள்.

அங்கிருந்து செய்திகள் போய்வரும் ரயில் கார்டுகள் வாய்வழியாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் எனக்கு ஒரு தண்டனை. பலகை நட்டாயிற்று. முதல் வாரம் எல்லோரும் சிரித்தார்கள், இரண்டாம் வாரம் சிரிக்கவில்லை. கடல் ஓரத்து டீக்கடைக்கு மேற்குக் கடை என்று பெயர் வந்துவிட்டது. கிழக்கே பொழுது சாய்ந்ததும் வேலை முடித்துக் கைகழுவப் போகிறார்களாம். ஒரு நாள் சோதனை அதிகாரி வந்து, களத்துக்குள் நின்றுகொண்டு, ‘இந்த வடகாற்று நன்றாக இருக்கிறது’ என்று சொன்னாராம். உண்மையில் அவர்மேல் அடித்தது தெற்குக் காற்று.

கப்பல் இறங்கிவிட்டது என்று தந்தி வந்த நாள், சூப்பரின்டெண்ட் அதைத் திடலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். அடுத்த கப்பலுக்கு இன்னும் சட்டம் நடவில்லை. வெறும் தரை. மேஸ்திரி முன்நுனி இருந்த இடத்துக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தார். கட்டியவர்கள் அத்தனை பேரும் அங்கே நின்றோம். எங்களில் யாரும் அது மிதப்பதைப் பார்க்கவில்லை. எல்லோரும் சவரிமுத்துவைப் பற்றிப் பேசினார்கள். பூசணிக்காய் உடைத்த அன்று குறியிலிருந்த தப்பை யார் கண்டுபிடித்தது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். தப்பைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைச் சரிசெய்ய நூறு பேரை ஒரே பக்கம் திருப்புவது வேறு வேலை. முதலாவது கை வந்தவனுக்கு இரண்டாவதும் வரும் என்று நினைத்து யாரையும் அனுப்பாதீர்கள். ஒவ்வொருவனும் தன் தலைக்குள் ஒவ்வொரு தடவையும் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டிய எந்த உத்தரவையும் எழுதாதீர்கள்.

பொறாமை கூடாது என்றும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான் அந்தக் குறியில் இரவும் பகலும் ஓட்டை தேடிக்கொண்டிருந்திராவிட்டால், மேஸ்திரி கேட்டது வெறும் தேங்காய்க் கேள்வியாகக் காதில் விழுந்து போயிருக்கும். அந்தக் கேள்வி திடலில் இருந்த மற்ற எல்லோர் காதிலும்தான் விழுந்தது. அவர்களுக்குச் சவரிமுத்துவைப் பிடித்திருந்தது, ஆகவே எதுவும் தோன்றவில்லை. ஒவ்வொரு அலுவலகத்திலும் பொறாமைக்காரன் ஒருவன் இருக்க வேண்டும். சம்பளம் கொடுத்தே வைத்துக்கொள்ளலாம்.

சவரிமுத்து திரும்பி வரவில்லை. சோதனை அலுவலகமே அவரைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. அவர் நாற்காலியில் வேறொருவர் வந்து உட்கார்ந்தார், நல்ல மனிதர், அவரைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த கப்பலுக்கு நான் இடம் வலம் குத்தச் சொல்லிப் பார்த்தேன், பலிக்கவில்லை. பிறகு நானே மேஸ்திரியிடம் ‘வ’வும் ‘தெ’வும் எழுதச் சொன்னேன். முன்நுனி இருக்க வேண்டிய இடத்தில் ‘கிழக்கு’ என்று ஒரு சின்னப் பலகையும் நட்டேன். கீழே எதுவும் எழுதவில்லை.

மறு வருஷம், அந்தக் கேள்வியை நான் எழுதியதையே மறந்திருந்த நேரத்தில், சோதனை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. திசைகளைக் குறியாகப் போடலாம். கலம் எங்கே நின்றாலும், எந்தப் பக்கம் திரும்பினாலும், அதன் முன்நுனி பார்க்கும் பக்கமே அதற்குக் கிழக்கு எனக் கொள்ள வேண்டும். சந்தேகங்களுக்குக் கீழே கையொப்பமிட்டவரை அணுகவும். கையொப்பம் சவரிமுத்துவுடையது. அதற்கும் கீழே, பென்சிலில், தமிழில் ஒரு வரி: ‘வாத்யாரே, லீவு போட்டு வாங்க. கடல் மேற்கதான் இருக்கு.’

அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. நாள் முழுவதும் அந்தத் தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதில் பிழை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஆகவே விடுப்பு விண்ணப்பத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘திசையை நேரில் சரிபார்த்தல்’ என்று எழுதினேன். காரணத்துக்கு ஆதாரமாக ஒரு கடிதத்தைக் காட்டினால், அது வந்து சேர்ந்த நாளையும் விண்ணப்பத்தின் தலையில் குறிக்க வேண்டும் என்பது விதி. யுத்தத்தால் எங்களுக்கு அன்று விடுமுறை இல்லை. இயந்திரங்களில் முந்தின நாள் வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. குறித்தேன்: விஜயதசமி.